உன் பின்னலை நான் கொடுத்த இடம்

கண்ணு,

நலம், நலமறிய ஆவல் என்று முதல் வரியை எழுதிவிட்டு அடித்துவிட்டேன். இதைப் படித்து முடித்த பிறகு என் நலத்தை அறிய உனக்கு ஆவல் இருக்குமா என்று எனக்கே தெரியவில்லை. போனில் சொல்லிவிடலாம் என்று இந்த வாரம் இரண்டு தடவை உன்னைக் கூப்பிட்டேன். இரண்டு தடவையும், ஈரோட்டில் மழை உண்டா, மாப்பிள்ளைக்கு சளி விட்டதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். என் வாய் அப்படிப்பட்டது. சண்டை என்றால் நாலு வீதிக்குக் கேட்கும், உண்மை என்றால் தொண்டையை விட்டு வெளியே வராது. எழுத்தில் என்றால் பாதியில் பேச்சை மாற்றிக்கொண்டு ஓட முடியாது. அதனால்தான் பட்டறையில் லேத்தை நிறுத்திவிட்டு, பெரியநாயக்கன்பாளையத்தில் எந்த அப்பனும் செய்யாத வேலையாக, கட்டிக்கொடுத்த மகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது போகிறபோக்கில் ஒன்று சொன்னாய். நீ பாடம் நடத்தும் கல்லூரியில் என்.எஸ்.எஸ். பொறுப்பையும் கல்லூரி விழாப் பொறுப்பையும் உன்னை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடப் போகிறாய் என்று. ஏன் கண்ணு என்று கேட்டேன். "அந்தச் சோலியே வேண்டாம்ப்பா. பத்துப் பேரு நம்ம கூட நிப்பாங்க, அதுல ஒருத்தர் முதுகுல குத்துவாங்க. எனக்கு ஒருக்காப் பட்டது போதும்" என்றாய். நான் "ம்" என்றேன். எட்டு வருஷமாக அந்த 'ம்'மைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் முதுகில் குத்தியது நஸ்ரின் இல்லை கண்ணு. நான்தான். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இது உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன். நீ கல்லூரியில் சேர்ந்தபோது எனக்கு இருந்த கனவெல்லாம் ரொம்பச் சின்னது. காலையில் எட்டு மணி பஸ்ஸில் போவாய், சாயங்காலம் ஐந்தரைக்கு வந்துவிடுவாய், மூன்று வருஷத்தில் ஒரு டிகிரி வரும், அதைக் கல்யாணப் பத்திரிகையில் உன் பேருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். நீயோ முதல் வருஷக் கல்லூரி வாரத்திலேயே கயிறு இழுக்கும் போட்டியில் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு வந்து நின்றாய். துறைக்கு ஒரு நிறமாம், உங்களுக்கு மஞ்சளாம். மஞ்சள் பனியனில், தொண்டை கட்டிப்போய், பேச முடியாமல் சைகையிலேயே உங்கம்மாவிடம் ஜெயித்த கதையைச் சொன்னாய். உங்கம்மா சிரித்துக்கொண்டே கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவினாள். நான் "ஃபீஸ் கட்டுனது கயிறு இழுக்கறதுக்கா?" என்று கேட்டு அந்தச் சிரிப்பை நிறுத்தினேன். அப்புறம் வள்ளி கும்மி, ரத்ததான முகாம், பழைய துணி சேகரிப்பு, பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பரீட்சை எழுதப் போவது. என்.எஸ்.எஸ். முகாமுக்கு ஏழு நாள் வெளியூர் போக என் கையெழுத்து கேட்டாய். நான் போடவில்லை, உங்கம்மா போட்டாள். அந்த ஏழு நாளும் நான் அவளோடு பேசவில்லை. அவளும் அதை ஒரு நஷ்டமாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஏன் அப்படி எரிந்து விழுந்தேன் என்று இப்போது யோசிக்கிறேன். தானமும் கூத்தும் எனக்கு ஒன்றாகத்தான் பட்டது. இரண்டிலும் என் பெண் நாலு பேர் முன்னால் நிற்கிறாள், நாலு பேர் பார்க்கிறார்கள். நாலு பேர் பார்த்தால் நாலு விதமாகப் பேசுவார்கள். நம் ஊர்ப்பக்கம் சாமிக்குச் செய்தால் அது புண்ணியம், மாரியம்மன் நோன்பிக்குக் கூழ் ஊற்றினால் பெருமை, பேர் போட்டு நோட்டீஸ் அடிப்போம். ஒரு வயசுப்பெண் தானாக ஒரு நல்ல காரியம் செய்தால் மட்டும், அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததை அதட்டி அடக்குவதுதானே என் வழக்கம்.

இரண்டாம் வருஷம் கல்லூரி வாரத்தில் முடிதானம் என்று ஒரு நாள் வைத்தீர்கள். புற்றுநோய் வைத்தியத்தில் முடி கொட்டிப்போனவர்களுக்கு விக் செய்து கொடுக்க. ஆஸ்பத்திரிக்கு உங்களைக் கூட்டிப்போனபோது பவானியிலிருந்து வந்திருந்த ஒரு அக்காவைப் பார்த்தாய், யார் வார்டுக்குள் வந்தாலும் அவர் சட்டென்று தலைக்குத் துண்டைப் போட்டுக்கொள்கிறார் என்று சாப்பிடும்போது சொன்னாய். நான் குழம்பில் உப்பு கம்மி என்றேன். நீயும் நஸ்ரினும்தான் அந்த நாளுக்குப் பொறுப்பு. கோட்டைமேட்டிலிருந்து வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து, உன் டிபன் பாக்ஸில் பாதியைத் தின்றுவிட்டு அவள் பாக்ஸில் பாதியை உனக்குக் கொடுத்த நஸ்ரின். இருபத்தாறு பெண்கள் பேர் கொடுத்திருந்தார்கள். எல்லோருக்கும் உள்ளுக்குள் பயம். யாராவது முதலில் வெட்டிக்கொண்டு வந்து நின்றால்தான் மற்றவர்களுக்குத் தைரியம் வரும் என்று, திங்கட்கிழமை நிகழ்ச்சிக்கு சனிக்கிழமையே பியூட்டி பார்லருக்குப் போய் வெட்டிக்கொண்டு வந்துவிட்டாய். இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னல். பின்னியபடியே இரண்டு பக்கமும் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கவரில் வைத்திருந்தாய். உங்கம்மா "இப்புடி வெட்டிப்போட்டு வந்து நிக்கறியே" என்று ஒரு மூச்சு அழுதாள். நான் அழவில்லை. எனக்கு வேறு பயம். மறுநாள் வெள்ளகோவிலிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். உனக்கு அதை நாங்கள் சொல்லியிருக்கவில்லை. காலையில் சேலை கட்டச் சொல்லும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தோம். நம் வீடுகளில் அதுதானே வழக்கம்.

வந்தார்கள். நீ காபித் தட்டோடு வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா உன் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்துக்குப் பின்னால் பார்த்தார். "ஏனுங்க, போட்டாவுல நீள முடியா இருந்துதுங்களே?" என்றார். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம் நான். எம் பொண்ணு சீக்காளிகளுக்குக் குடுத்திருக்கறாளுங்க என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கலாம். அவர்கள் எழுந்து போயிருந்தால் போகட்டும். நான் சொன்னது, "சென்னிமலை முருகனுக்கு வேண்டுதலுங்க. காணிக்கை." அந்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முருகா, நல்ல புள்ளைங்க" என்றார். கூடத்தில் இருந்த எல்லோருக்கும் மூச்சு வந்தது. உனக்கு மட்டும் முகம் கறுத்துப்போனது. அவர்கள் கார் ஏறியதும் "நல்ல காரியந்தானேப்பா செஞ்சேன், அத எதுக்கு மறைக்கோணும்?" என்று கேட்டாய். நான் பதிலுக்குக் கத்தினேன். அவர்கள் பதில் சொல்லும்வரை இரண்டு நாள் கல்லூரிப் பக்கம் போகக் கூடாது, விசாரிக்க யாராவது அங்கே வந்தால் வம்பு என்றேன். திங்கட்கிழமை உன்னுடைய நாள் என்று தெரிந்துதான் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை நீ கண் வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தாய். நான் பக்கத்தில் வந்து, "அந்தக் கவரைக் குடு கண்ணு, நானே கொண்டுபோய் உன்ற சிநேகிதிகிட்டக் குடுத்தர்றேன்" என்றேன். உன் முகம் மலர்ந்ததே, அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அப்பன் இறங்கி வந்துவிட்டான் என்று நினைத்தாய். ஓடிப்போய்க் கவர்மேல் உன் பேரையும் துறையையும் எழுதினாய். அப்பா கொண்டு வருகிறார், நீ மேசையை விட்டு நகராதே என்று நஸ்ரினுக்கு என் முன்னாலேயே போன் போட்டாய். பாதி வழியில்தான் மனசு மாறியது என்று எழுத எனக்கு ஆசை. அது பொய். காலையில் சவரம் செய்யும்போதே முடிவு செய்துவிட்டேன். முருகன் பேரைச் சொல்லிப் பொய் சொல்லிவிட்டோம், அதை மெய்யாக்கிவிட்டால் பாவம் கழிந்துவிடும் என்று ஒரு யோசனை. ஷாஃப்ட்டின் அளவு தப்பிவிட்டால், அதில் மாட்டுகிற புஷ்ஷை அந்தத் தப்புக்கு ஏற்றபடி கடைந்து ஒப்பேற்றுகிற லேத்காரன் புத்தி. காந்திபுரத்தில் ஈரோடு பஸ் ஏறி, பெருந்துறையில் இறங்கி, அங்கிருந்து சென்னிமலை போனேன். வேண்டுதல் என்றால் முறையாக இருக்கட்டும் என்று படியில்தான் ஏறினேன். முடி எடுக்கும் இடத்தில் இருந்தவர் கவரைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆளு வரலீங்களா?" என்று கேட்டார். பெண்ணுக்கு உடம்பு சரியில்லை, வர முடியவில்லை என்றேன். அவர் உன் பேரைக் கேட்டுச் சொல்லிக் கும்பிட்டு, "சீக்கிரம் நல்லாயிருமுங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். உன் பின்னலை அங்கே கொடுத்துவிட்டு, விபூதி வாங்கிக்கொண்டு வந்தேன். சாயங்காலம் நீ கேட்டாய். "குடுத்துட்டேன் கண்ணு" என்றேன். அந்த விபூதியை உன் நெற்றியில் பூசியதும் நான்தான்.

வெள்ளகோவில்காரர்கள் புதன்கிழமை போன் செய்து ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்றார்கள். போனால் போகட்டும். ஆனால் நீ போகாததால் அந்த இருபத்தாறு பேரில் நாலு பேர்தான் வெட்டினார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அடுத்த வாரம் மேடையில் அந்த நாலு பேரின் பேரை வாசித்தார்கள், உன் பேர் இல்லை. அதுவரை என் வார்த்தையை நம்பி நீ அவளிடம் கேட்கவில்லை, நீயே கொண்டுவருவாய் என்று அவளும் கேட்கவில்லை; கேட்டபோது கவர் வரவே இல்லை என்றாள் நஸ்ரின். ஊரார் முடியை வெட்டச் சொல்லிவிட்டு, தன் முடியை ஃபேஷனுக்கு வெட்டிக்கொண்டு கதை விடுகிறாள் என்று உன் வகுப்பிலேயே சிலர் பேசினார்களாமே. நீ வீட்டுக்கு வந்து, "அப்பா, யாருகிட்டக் குடுத்தீங்க?" என்று கேட்டாய். அங்கேயும் ஒரு வாசல் திறந்திருந்தது எனக்கு. கவர் பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்றாவது சொல்லியிருக்கலாம். நான், "முக்காடு போட்ட ஒரு பொண்ணு, உன்ற சிநேகிதின்னு சொல்லுச்சு" என்றேன். பொய்க்கு ஒரு முகம் தேவைப்பட்டது, கைக்கு எட்டியது அந்த முகம்தான். அதற்குமேல் எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சமாதானமும் இல்லை. உனக்கு என்மேல் ஒரு நிமிஷம்கூடச் சந்தேகம் வரவில்லை. நேராகப் போய் கேண்டீனில் எல்லோர் முன்னாலும் அவளைத் திருடி என்று சொல்லிவிட்டாய்.

அந்த சனிக்கிழமை அவள் நம் வீட்டுக்கு வந்தது உனக்குத் தெரியாது. நீ உன் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாய். கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை அவள். வெயிலில் நின்றுகொண்டு, "அங்கிள், கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்க. அந்த மேசையில காலையில இருந்து நான் ஒருத்திதான் உக்காந்திருந்தேன்" என்றாள். கெஞ்சவில்லை, நிதானமாகத்தான் கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கென்னம்மா தெரியும், எல்லாரும் ஒரே மாதிரித்தான் இருக்கறீங்க" என்றேன். உங்கம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அந்தப் பெண் அதைத் தொடாமல் திரும்பி பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.

அதற்குப் பிறகு நீ எதிலும் சேரவில்லை. மஞ்சள் பனியன் கரித்துணியாகப் போனது. எட்டு மணி பஸ்ஸில் போனாய், ஐந்தரைக்கு வந்தாய். நான் ஆசைப்பட்டது அப்படியே கிடைத்தது. பொண்ணுக்குப் பொறுப்பு வந்துருச்சுங்க என்று சொந்தத்தில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். வீட்டில் உன் குரலே கேட்காமல் போனதை அடக்கம் என்று நினைத்த முட்டாள் நான். உன் கல்யாணத்துக்குப் பத்திரிகை எழுதும்போது ஒரு கவரில் அவள் பேரை எழுதினாய். பிறகு அந்தக் கவர் அலமாரியிலேயே கிடந்தது. பந்தி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, பெரிய அலமாரியில் வேறு எதையோ தேடும்போது பார்த்தேன். அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போடுகிறவனுக்கு எல்லா நாளும் நல்ல நாள்தான்.

நேற்று, செவ்வாய்க்கிழமை, பட்டறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு டவுனுக்குப் போனேன். கோட்டைமேட்டில் இரண்டு இடத்தில் விசாரித்ததில் தெரிந்துவிட்டது. நஸ்ரின் இப்போது அவள் அம்மாவோடு தையல் சாமான் கடை வைத்திருக்கிறாள். நூல், பொத்தான், லேஸ். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். "வாங்க அங்கிள்" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். நான் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், சென்னிமலை உட்பட. அவள் பொத்தான்களை நிறம் பிரித்துப் போட்டுக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "தெரியுமுங்க அங்கிள்" என்றாள். எப்படியம்மா என்றேன். மேசையில் இருந்தது நான் ஒருத்தி, என் கைக்கு வரவில்லை, அப்படியென்றால் நீங்கள் கொடுக்கவில்லை, இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்றாள். எங்கே கொண்டுபோனீர்கள் என்பது மட்டும்தான் தெரியாதாம். பிறகு ஏன் உன்னிடம் அதைச் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன். லேஸ் கேட்டு வந்த ஒருவருக்கு அளந்து வெட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"சொன்னா, தெனமும் அவ ஊட்டுக்கு வந்து உங்க மூஞ்சியப் பாத்துத்தானுங்களே சோறு திங்கோணும்? எனக்கு அந்த வருசந்தான் அத்தா மவுத்தானாங்க. சிநேகிதி இல்லாம இருந்துக்கலாம் அங்கிள். அப்பா சொல்றது பொய்யின்னு தெரிஞ்சுக்கிட்டு ஒரே ஊட்டுல இருக்க முடியாது."

கண்ணு, பத்தொன்பது வயசில், தன் அப்பனைப் பறிகொடுத்த வருஷத்தில், அந்தப் பெண் திருடி என்ற பேரை வாங்கி வைத்துக்கொண்டு, உனக்கு உன் அப்பனை விட்டுக்கொடுத்திருக்கிறாள். அது எப்பேர்ப்பட்ட தானம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் மகான் எல்லாம் இல்லை, அதையும் அவளே சொல்லிவிட்டாள். கோபம் நிறைய இருக்கிறதாம். 'எல்லாரும் ஒரே மாதிரி' என்று நான் சொன்னது இன்னும் ஆறவில்லையாம். மன்னிப்புக் கேட்டேன். "அவ வந்து கேட்டா ஒடனே குடுத்துருவேன். உங்களுக்கு யோசிக்கோணும்" என்றாள். நியாயம்தான். யோசிக்கட்டும்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் விழுந்தவனுக்குத்தான் பள்ளம் எங்கே என்று தெரியும், அதனால் சொல்கிறேன். அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள். முகாமுக்கு வர ஆசைப்பட்டு, வீட்டில் கையெழுத்துக் கிடைக்காமல் உன் மேசைக்கு முன்னால் வந்து நிற்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் அப்பன்மார்களிடம் சண்டைக்குப் போகாதே. கல்லூரிக்குக் கூப்பிட்டு, பந்தல் கட்ட, மோட்டார் பார்க்க, தண்ணீர் ஊற்ற ஏதாவது ஒரு வேலையைக் கொடு. என்னை மாதிரி ஆட்களுக்கு வேடிக்கை பார்த்தால் சந்தேகம் வரும், வேலை செய்தால் பெருமை வரும். அன்றைக்கு யாராவது என்னை அந்த ஆஸ்பத்திரி வார்டுக்கு ஒரு தடவை கூட்டிப்போயிருந்தால் என்று சில சமயம் நினைப்பேன். அதுகூடத் தப்பு. நீதான் சாப்பாட்டு நேரத்தில் என்னைக் கூட்டிப்போனாயே. நான்தான் வரவில்லை.

நேற்று ராத்திரி உங்கம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் தோசைத் திருப்பியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் புள்ள தண்ணி குடிக்காமப் போனப்பவே எனக்கு என்னமோ மாதிரி இருந்துதுங்க" என்றாள். அதோடு சரி, இன்னும் என்னிடம் பேசவில்லை. இந்தத் தடவை எனக்கு அது நஷ்டமாகத்தான் இருக்கிறது. நீயும் பேசாமல் இருந்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், ஆள்விட்டுக் கேட்க மாட்டேன், தீபாவளிக்கு வா என்று வற்புறுத்த மாட்டேன். கூரியரில் போட்டால் வியாழக்கிழமை உன் கைக்கு வந்துவிடும் என்றார்கள். கிளம்பும்போது நஸ்ரின் ஒரு துண்டுச் சீட்டில் தன் போன் எண்ணை எழுதிக் கொடுத்தாள். நீ கூப்பிட்டால் எந்த நேரமானாலும் எடுப்பாளாம். படித்த கோபத்தில் இந்தக் கடிதத்தை நீ கிழித்துப் போட்டாலும் போடுவாய் என்று அந்த எண்ணை இதில் எழுதவில்லை. உங்கம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். அதற்காக நீ என்னோடு பேச வேண்டியதில்லை.

உன் அப்பா